பூச்சியாரும் பொட்டு வைத்த போறணையும்

சந்தேகப்படுவதற்கென்றே கடவுள் ஒரு மனிதரைத் தனியாக உட்கார்ந்து படைத்து, கையில் ஒரு டோர்ச் லைற்றையும் கொடுத்து ஆக்லாந்துக்கு அனுப்பி வைத்திருந்தார். அவர்தான் பூச்சியார். மழை பெய்கிறது என்று நீங்கள் சொன்னால், யன்னலுக்கு வெளியே கையை நீட்டிப் பார்த்துவிட்டு, "மேல்வீட்டுக்காரர் தண்ணி ஊத்துறாரோ ஆருக்குத் தெரியும்" என்பார். அவர் பேசியது ஆங்கிலம்தான். ஆனால் இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவருடைய குரல் என் காதில் யாழ்ப்பாணத்தில்தான் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன், கோபிக்காதீர்கள்.

பூச்சியார் என்பது நாங்கள் வைத்த பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால், "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார். தொண்ணூறுகளில் நான் நகர மையத்துக்குப் பின்பக்கம் ஒரு சந்திலிருந்த பேக்கரியில் பாண் பொதி செய்துகொண்டிருந்தேன். பாண் சுடுகிற பெரிய போறணையடியில் நின்றவர் கனகண்ணை. பாபகூராவில் ஒரு அறையில் இருந்தார், முதல் ரயிலில் வந்துவிடுவார். அவருடைய மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் கொழும்பில் ஒரு லொட்ஜில் சூட்கேசைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். இவருக்கு வதிவிட விசா வந்தால் அவர்கள் வரலாம். விசா வர வேலை நிலைக்க வேண்டும். வேலை நிலைக்க முதலாளி நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். முதலாளியோ, நல்ல வார்த்தையைப் பூட்டி வைத்திருக்கிற வெள்ளைக்காரர். அவர் கனகண்ணையிடம் உடைத்தே சொல்லிவிட்டார்: "அந்தக் கிழவரிட்டயிருந்து உன்னைப் பற்றி ஒரு முறைப்பாடு வந்தால், அண்டைக்கே நீ வீட்டுக்கு."

அந்தக் கிழவர்தான் பூச்சியார். ஆக்லாந்தில் யூதர்கள் கொஞ்சப்பேர்தான். வெள்ளிக்கிழமை பொழுதுபடத் தொடங்குகிற அவர்களுடைய ஓய்வுநாளுக்கு, வியாழக்கிழமைகளில் எங்கள் போறணையில் பாண் சுடுவோம். மாவும் முட்டையும் அவர்களே வாங்கித் தருவார்கள். எல்லாம் அவர்களுடைய வேதச் சட்டப்படி சுத்தமாக, அவர்கள் சொல்கிற 'கோஷர்' முறையில் நடக்கிறதா என்று பார்க்க ஒரு கண்காணிப்பாளர் வேண்டும். அந்த வேலைக்கு அவர்கள் தேடிப் பிடித்த ஆளைப் பாருங்கள்.

வந்த முதல் நாளே வில்லங்கம். கறுத்தக் கோட்டு, கறுத்தத் தொப்பி, நரைத்த தாடி, கையில் டோர்ச். உள்ளே வந்தவர் ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் மேசைக்குக் கீழே குனிந்து லைற் அடித்துப் பார்த்தார். கனகண்ணை பாய்ந்து போய் மா மூட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

"இமிக்ரேசன், தங்கச்சி! இமிக்ரேசன்!"

"அண்ணை, உங்கட பேப்பர் எல்லாம் சரிதானே. ஏன் ஒளிக்கிறியள்?"

"சரிதான். ஆனா கோட்டுப் போட்ட ஆளைக் கண்டா என்ர கால் என்னைக் கேக்காமல் ஓடுது."

டோர்ச் வெளிச்சம் ஊர்ந்து ஊர்ந்து மா மூட்டைக்குப் பின்னால் போய், கனகண்ணையின் மூக்கில் நின்றது. தான் காவல் காக்க வந்த மாவுக்குப் பின்னால் ஒரு மனிதன் பதுங்கியிருந்தால், சாதாரண மனிதருக்கே சந்தேகம் வரும். பூச்சியாருக்கு வராமல் இருக்குமா? அன்றிலிருந்து அவர் கனகண்ணையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கனகண்ணையும் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நடுவில் நான் மொழிபெயர்ப்பாளர், சம்பளம் இல்லாமல்.

மாவை மூன்று தரம் அரிப்பார், ஒரு புழுப்பூச்சி அவர்களுடைய வயிற்றுக்குள் போய்விடக் கூடாதாம். முந்திரிகை வற்றலை, அதுதான் காய்ந்த திராட்சையை, தண்ணீரில் போட்டு ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பெயர் வந்தது இதனால்தான். முட்டையை ஒரு கண்ணாடிக் கோப்பைக்குள் உடைத்து, இரத்தப் பொட்டு இருக்கிறதா என்று தலைகீழாகக்கூடப் பார்ப்பார். இருந்தால் முட்டை குப்பைக்கு. எங்களுடைய சட்டைப் பையைப் பார்ப்பார், நகத்தைப் பார்ப்பார். கொழும்புச் செக்பொயின்ற்றில்கூட என் நகத்தை ஒருவரும் பார்த்ததில்லை.

ஒருநாள் முதலாளி கையில் பட்டர் ரின்னோடு அறைக்குள் வந்துவிட்டார். பூச்சியார் போட்ட சத்தத்தில் மனுஷன் அப்படியே பின்பக்கமாக நடந்து வெளியே போனார்.

"பாண் இறைச்சியோடயும் சாப்பிடுற சாமான்," என்று எனக்கு விளக்கினார் பூச்சியார். "எங்களுக்குப் பாலும் இறைச்சியும் ஒரு தட்டில சேரக்கூடாது. குட்டியை அதின்ர தாய்ப்பாலிலயே சமைக்கிறது பாவமெண்டு வேதம் சொல்லுது. அதால பாணில பட்டர் படக்கூடாது. வீட்டில பாலுக்கு வேற சட்டி, இறைச்சிக்கு வேற சட்டி."

இதை நான் தமிழில் சொன்னதும் கனகண்ணை முதன்முறையாக மனுஷனை மரியாதையோடு பார்த்தார். அவர் வெள்ளி, செவ்வாய் மச்ச மாமிசம் தொடாத ஆள். விரதச் சட்டியை மனைவி தனியாகப் பரணில் வைப்பாராம். "உவ்வளவு ஒழுங்கான ஆள் ஏன் உப்பிடி உளவு பார்க்கிறார்?" என்று மட்டும் கேட்டார்.

அந்த மரியாதையும் அடுத்த வியாழனே போயிற்று. பூச்சியார் பிசைந்த மாவில் ஒரு உருண்டை கிள்ளியெடுத்து, ஏதோ முணுமுணுத்து, கடதாசியில் சுற்றி, கரியாகும்வரை எரித்து வெளியே எறிந்தார். கனகண்ணைக்கு முகம் வெளிறிவிட்டது.

"தங்கச்சி, இது செய்வினை. என்ர விசா ஏன் வரேல்லை எண்டு இப்பத்தான் விளங்குது."

நான் போய்க் கேட்டேன். அவர்களுடைய பெரிய கோயில் இருந்த காலத்தில் மாவில் ஒரு பங்கு பூசகருக்குக் கொடுப்பார்களாம். கோயில் இடிந்து கிட்டத்தட்ட இரண்டாயிரம் வருஷமாகிவிட்டது. பங்கை யாரும் சாப்பிடக்கூடாது என்று எரித்துவிடுகிறார்களாம். "கோயிலே இல்லை, பங்கு மட்டும் ஒழுங்காப் போகுதோ?" என்று கனகண்ணை அதையும் நம்பவில்லை. அன்று மத்தியானம் பூச்சியார், கனகண்ணையின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்த கறிவேப்பிலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதுக்குப் பின்பக்கம் என்ன இருக்கெண்டு ஆர் பார்த்தது?" என்று கேட்டார். பிறகு கனகண்ணை கறிவேப்பிலை போடாமல்தான் கறி வைத்துக்கொண்டு வந்தார். அதில் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

எப்சத்தில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் அவரும் இருந்தார். ஒரு சனிக்கிழமை கொட்டுகிற மழையில் நனைந்து நனைந்து போய்க்கொண்டிருந்தார். பஸ் தரிப்பிடத்திலிருந்து ஓடிப்போய்க் குடையை நீட்டினேன். பாம்பைக் கண்டவர்போல ஒதுங்கினார்.

"இண்டைக்கு ஓய்வுநாள். குடை விரிக்கிறது கூடாரம் அடிக்கிற வேலை. செய்யக்கூடாது."

"அப்ப பஸ்ஸில ஏறுங்கோவன்."

"வாகனமும் கூடாது. காசு தொடக்கூடாது. லைற் போடக்கூடாது. நெருப்பு மூட்டக்கூடாது."

"பிறகு என்னத்தைத்தான் செய்யிறது?"

"ஓய்வு எடுக்கிறது," என்றார், தாடியிலிருந்து தண்ணீர் ஒழுக ஒழுக. இப்படிக் கஷ்டப்பட்டு ஓய்வெடுத்த ஒருவரை நான் வேறெங்கும் காணவில்லை.

ஆக்லாந்தில் சனி, ஞாயிறு என்றால் ஒவ்வொரு சபைக்காரராக வந்து எங்கள் கதவைத் தட்டி, தங்களோடு சேரச் சொல்லுவார்கள். அதனால் ஒருநாள் பகிடிக்காகப் பூச்சியாரிடம், "உங்கட சமயத்தில நாங்களும் சேரலாமோ?" என்று கேட்டேன். மனுஷனுக்குச் சந்தேகம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"ஏன் சேர வேணும்? ஆர் உங்களை அனுப்பினது?"

தாங்கள் யாரையும் சேரச் சொல்லி அழைப்பதில்லை, கேட்டு வருபவரையே முதலில் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம் என்றார். தாய் யூதப் பெண் என்றால் பிள்ளை யூதப் பிள்ளை. மற்றவர்கள் நல்லவர்களாக இருந்தாலே கடவுளுக்குப் போதுமாம். கனகண்ணையிடம் சொன்னேன். மாப் பிசைந்த கையோடு திரும்பினார்.

"சேர்க்க மாட்டம் எண்டு சொல்லுறாங்கள் எண்டா, உள்ளுக்க ஏதோ பெரிய சாமான் இருக்குது, தங்கச்சி."

பூச்சியாருடைய ஊர் எது என்று ஒரேயொரு தடவைதான் கேட்டேன். ஐரோப்பாவில் ஒரு சின்னப் பட்டணத்தின் பெயரைச் சொன்னார். "இப்ப அங்க ஆர் இருக்கினம்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"எங்கட ஆக்கள் ஒருத்தரும் இல்லை. யுத்தம் வந்த நேரம், முதலில கதவைத் தட்டி, பேர் மட்டும்தான் கேட்டவங்கள்," என்றுவிட்டு முட்டையைப் பார்க்கப் போய்விட்டார். அதற்குப் பிறகு அவர் என் நகத்தைப் பார்க்கக் கேட்டால் பேசாமல் நீட்டிவிடுவேன்.

இனி அந்தக் காலைக்கு வருகிறேன். யூதர்களும் சந்திரனைப் பார்த்துத்தான் மாதம் எண்ணுகிறார்கள். எங்கள் நவராத்திரிக்கு முன்வருகிற அமாவாசையோடு பல வருஷங்களில் அவர்களுடைய புத்தாண்டும் பிறந்துவிடும். பத்தாம் நாள் எங்களுக்கு விஜயதசமி. அவர்களுக்கு வருஷத்திலேயே பெரிய விரதம், பொழுதுபட்டுப் பொழுதுபடும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது. அந்த விரதத்துக்கு முன் வயிறு நிறையச் சாப்பிட வட்டப் பாண் வேண்டும். ஆகவே எங்களுடைய சரஸ்வதி பூசையன்று, வியாழனோ இல்லையோ, அவர்களுக்குப் பாண் சுட்டாக வேண்டும்.

கனகண்ணை ஊரில் மில்லில் மெசின் பார்த்தவர். ஆயுத பூசைக்கு மெசினுக்குப் பொட்டு வைக்காத வருஷமே இல்லை. இங்கே வந்து போன வருஷம் வைக்கவில்லை. விசாவும் வரவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்.

"அண்ணை, வேண்டாம். அந்த மனுஷன் கண்டால் துலைஞ்சம். அவையளுக்குச் சிலை, பூசை ஒண்டும் ஆகாது. ஒரே கடவுள், உருவம் இல்லை."

"அவர் வாறதுக்குள்ள முடிச்சிடலாம். நீர் ஒரு தேவாரம் பாடினால் காணும். என்ர குரலுக்கு அம்மன் இறங்கி வரமாட்டா."

விடியமுன் போய்விட்டோம். போறணையின் இரும்புக் கதவில் மூன்று குறி விபூதி. நடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். அவல், கடலை, வாழைப்பழம். தேங்காயை வாசற்படியில் உடைத்தார். நான் தேவாரத்தை மெதுவாக இழுத்துக்கொண்டிருந்தேன். கனகண்ணை கர்ப்பூரத் தட்டைத் தூக்கிப் போறணையின் வாயடியில் சுற்றினார், கண் மூடி, கன்னத்தில் கண்ணீர். பிள்ளைகளுடைய பெயரைச் சொல்லிச் சொல்லிக் கும்பிட்டார். என் தேவாரம் பாதியில் நின்றுவிட்டது. கதவடியில் டோர்ச் வெளிச்சம்.

விரத வேலைகள் கிடக்கிறது என்று பூச்சியாரும் அன்று நேரத்தோடு வந்துவிட்டார்.

"இது என்ன?"

"விபூதி, சேர்," என்றார் கனகண்ணை.

"எதால செய்தது?"

கனகண்ணைக்குப் பொய் வராது. பூசையன்று சுத்தமாக வராது. "மாட்டுச் சாணம், சேர்."

நான் மொழிபெயர்க்கலாமா வேண்டாமா என்று தயங்கினேன். மொழிபெயர்த்தேன். பூச்சியார் ஒரு மூட்டையின்மேல் உட்கார்ந்துவிட்டார். பிறகு விசாரணை தொடங்கியது.

"போறணை உங்கட கடவுளோ?"

"இல்லை, சேர். போறணை போறணைதான். எனக்குச் சோறு போடுது. வருஷத்தில ஒருநாள் அதுக்கு நன்றி சொல்லி, ஓய்வு குடுக்கிறது. இண்டைக்குத் தச்சன் உளியைத் தொடான். பிள்ளையள் புத்தகத்தைத் தொடாதுகள்."

"ஓய்வோ? இரும்புக்கோ?"

"ஓம், சேர்."

பூச்சியார் தாடியைச் சொறிந்தார். தங்களுடைய ஓய்வுநாளில் மாட்டுக்கும் கழுதைக்கும்கூட ஓய்வு உண்டு, இரும்பைப் பற்றித்தான் தான் கேள்விப்படவில்லை என்று தனக்குத்தானே சொன்னார்.

"அப்ப இண்டைக்கு ஏன் பாண் சுடுறியள்?"

"முதலாளி லீவு தரமாட்டார், சேர்."

"நெருப்பை மூட்டினியளோ?"

"ஐயோ, இல்லை. மூட்டுறது உங்கட வேலையெண்டு எனக்குத் தெரியும்தானே." உண்மைதான். யூதர் ஒருவர் கையால் மூட்டிய நெருப்பில்தான் அவர்களுடைய பாண் வேக வேண்டும் என்பது பூச்சியாரின் சட்டம்.

"மாவில ஒரு கிள்ளு எடுத்துப் படைச்சியளோ?"

"நான் கொண்டுவந்தது அவலும் கடலையும்தான், சேர். உங்கட மாவை நான் தொடேல்லை."

நம்புவாரா? எழும்பிப் போய், முந்தின இரவே பிசைந்து மூடி வைத்த மாத்தொட்டியைக் குனிந்து பார்த்தார். அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. முதல் நாள் வீட்டுக்குப் போகமுன் தொட்டியின் மூடிக்குக் குறுக்கே, தன் மொழியில் கையெழுத்துப் போட்டு ஒரு கடதாசித் துண்டு ஒட்டிவிட்டுப் போவாராம். ஒவ்வொரு தடவையும்! கள்ளக் கிழவர்! டோர்ச்சை அடித்து இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கடதாசி அப்படியே இருந்தது.

பிறகு அவர்களுடைய குருவுக்கு ரெலிபோன் எடுத்து நித்திரையால் எழுப்பினார். தீர்ப்பு வந்தது: பூசின எல்லாவற்றையும் துடைக்க வேண்டும். போறணையை வெறுமையாகப் பழுக்கக் காய்ச்ச வேண்டும். அதன் பிறகுதான் பாண். கனகண்ணை தானே ஈரத்துணி எடுத்துத் துடைத்தார். குங்குமத்தைக் கடைசியாகத்தான் துடைத்தார். பூச்சியார் நெருப்பை மூட்டினார். உள்ளே ஒன்றுமில்லாமல் போறணை எரிந்தது. வெளியே மா பொங்கிக்கொண்டே போனது. இன்னும் கொஞ்சம் பிந்தினால் அது அமுங்கி, யூதருக்கும் பாண் இல்லை, கனகண்ணைக்கும் வேலை இல்லை.

அந்த நேரம் பார்த்து முதலாளி வந்தார்.

"என்ன, போறணை சும்மா எரியுது? பாண் எங்க?"

"எனக்கு ஒரு சந்தேகம் வந்திட்டுது," என்றார் பூச்சியார். அது புதினமில்லை என்பதால் முதலாளி தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினார். திரும்பியவரின் சப்பாத்தில் தேங்காய்ப் பாதி ஒன்று இடறியது. மூக்கில் கர்ப்பூரம் ஏறியது. கனகண்ணையைப் பார்த்தார்.

"உன்ர வேலையோ?"

"ஓம், சேர்."

முதலாளியின் முகம் தக்காளிப்பழமாகிவிட்டது. பூச்சியார் பக்கம் திரும்பினார். "இவன்ர விசாக் கந்தோரால நேற்றும் போன் எடுத்தவங்கள். நம்பக்கூடிய ஆளோ எண்டு கேக்கிறாங்கள். நான் என்னத்தைச் சொல்ல? நீங்களே சொல்லுங்கோ, இவனை நம்பலாமோ?"

உலகத்தில் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாத ஒரு மனிதரிடம் போய்க் கேட்டுவிட்டார். கனகண்ணை என் கையைப் பிடித்தார். அவர் நினைப்பு கொழும்பு லொட்ஜில் நின்றது எனக்குத் தெரிந்தது.

பூச்சியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"முதல் நாளில இருந்தே நான் இந்த ஆளைச் சந்தேகப்படுறன். பொக்கற்றைப் பார்த்தனான், பெட்டியைப் பார்த்தனான், நகத்துக்குள்ள பார்த்தனான். ஒண்டும் பிடிபடேல்லை. நான் இல்லாத நேரத்தில இவர் எப்பிடி எண்டுதான் தெரியாமல் இருந்தது. இண்டைக்குப் பார்த்தன். எங்கட மாவில கை வைக்கேல்லை. கடவுளுக்குப் பயந்துகொண்டு நிண்டவர்." டோர்ச்சைக் கோட்டுப் பைக்குள் போட்டார். "அது எந்தக் கடவுள் எண்டது எனக்கும் அவருக்கும் இடையில உள்ள பிரச்சினை. விசாக்காரருக்கு, நம்பலாமெண்டு சொல்லுங்கோ."

முதலாளி தன்னுடைய கந்தோர் அறைக்குள் போனார். ரெலிபோன் எடுக்கிற சத்தம் கேட்டது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பாண் கொஞ்சம் சப்பையாகத்தான் வந்தது, ஆனால் பொழுதுபடமுன் போய்ச் சேர்ந்தது.

அன்று பொதி கட்டும்போது பூச்சியார் கனகண்ணைக்கு முன்னால் வந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு நின்றார். "உங்களைக் காரணமில்லாமல் சந்தேகப்பட்டிட்டன். மன்னியுங்கோ." மனிதருக்குச் செய்த பிழையை அந்த மனிதர் மன்னித்தால்தான் அவர்களுடைய பெரிய விரதம் பலிக்குமாம். கனகண்ணை என்னைத் தள்ளிக்கொண்டு போய்க் குசுகுசுத்தார்.

"ஏன் கேக்கிறார்? ஓமெண்டால் ஏதாவது வில்லங்கம் வருமோ?"

"ஒண்டும் வராது. சொல்லுங்கோ, அண்ணை."

"இண்டைக்குச் சொல்லவேணுமோ? யோசிச்சுச் சொல்லலாமோ?"

பூச்சியார் மூன்று தரம் கேட்டார். மூன்றாம் தரம்தான் கனகண்ணை, "ஓம், ஓம், மன்னிச்சிட்டன்" என்றார். அடுத்த வியாழன் பூச்சியார் வந்து முதல் வேலையாகக் கனகண்ணையின் பொக்கற்றைத்தான் சோதித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

விசா வந்தது. மனைவியும் பிள்ளைகளும் வந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூச்சியார் ரயிலேறிப் பாபகூராவுக்கு அவர்களைப் பார்க்க வந்தார், நானும் போயிருந்தேன். கதிரையை அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். கனகண்ணையின் மனைவி வடை கொண்டுவந்தார், பூச்சியார் கும்பிட்டு மறுத்துவிட்டார். தண்ணீர்க் கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒரு மிடறு குடித்தார். வாழைப்பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உரித்தார். "வீடு தேடி வந்த மனுஷன், எங்களை என்ன நஞ்சு வைக்கிற ஆக்கள் எண்டு நினைக்கிறாரோ?" என்று அந்த மனுசி என் காதில் பொரிந்து தள்ளினா. அந்த நேரம் இளைய பிள்ளை ஓடிவந்து, அவருடைய தாடியைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு அவருக்கு முன்னால் நின்றது. பூச்சியார் ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் பார்க்கவில்லை. அப்படியே தூக்கி மடியில் இருத்திக்கொண்டார்.